ஆய்வகப் பதிவில் யார் கைவைத்தாலும் தெரிய வேண்டும்: சோதனைக்கூடங்களுக்கான முழு வழிகாட்டி

அம்பத்தூர், கிண்டி, ஆலத்தூர் பக்கங்களில் இருக்கும் சோதனைக்கூடங்களை மனதில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது. ஐந்து முதல் இருபது இன்ஸ்ட்ருமென்ட், ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்ப்யூட்டர், பெரிய லிம்ஸ் (லேப் வேலைகளை நிர்வகிக்கும் மென்பொருள்) எதுவும் கிடையாது, ஐடி வேலைக்கு வாரத்தில் இரண்டு நாள் வந்துபோகும் ஒருவர். தண்ணீர், உணவு, மருந்து, சிமென்ட் என்று எதைச் சோதித்தாலும் முறை ஒன்றுதான்.

கம்ப்யூட்டரில் உள்ள பதிவை யாராலும் மாற்றவே முடியாதபடி பூட்ட முடியாது. அட்மின் பாஸ்வேர்ட் வைத்திருப்பவர் நினைத்தால் எதையும் மாற்றலாம். நம்மால் முடிந்தவை இரண்டு. மாற்ற ஆசைப்படக்கூடியவர் கையில் மாற்றும் அதிகாரம் இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம். அதையும் மீறி மாற்றினால் மறைக்க முடியாதபடி செய்யலாம்.

படிகளின் வரிசையைக் குலைக்காதீர்கள். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் என்க்ரிப்ஷனில் தொடங்குகிறார்கள். அது வெளியாள் படிப்பதைத் தடுக்கும். லாகின் உள்ளவர் திருத்துவதைத் தடுக்காது. வேறு சிலர் கடிகாரத்தைப் பார்க்காமலே ஆடிட் ட்ரெயிலை (யார், எப்போது, எதை மாற்றினார் என்று மென்பொருளே எழுதிக்கொள்ளும் பதிவை) ஆன் செய்துவிடுகிறார்கள். பிறகு ஒவ்வொரு வரியும் தப்பான நேரத்தோடு பதிவாகி, உண்மையாக வேலை செய்த அனலிஸ்ட்டுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

முதலில் ஒரு பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு இன்ஸ்ட்ருமென்டுக்கும் கம்ப்யூட்டர் எது, விண்டோஸ் பதிப்பு என்ன, மென்பொருள் பதிப்பு என்ன, டேட்டா எந்த ஃபோல்டரில் விழுகிறது, அது தனித்தனி ஃபைலா அல்லது டேட்டாபேஸா, யார் எந்தப் பெயரில் லாகின் செய்கிறார்கள் என்று எழுதுங்கள். தராசு, பிஹெச் மீட்டர் ஆகியவற்றுக்குள்ளும் கடிகாரம் உண்டு, அவற்றையும் சேருங்கள். இந்தப் பட்டியல் முடியும்போதே பாதிப் பிரச்சினைகள் கண்ணில் பட்டுவிடும்.

விண்டோஸ் ஹோம் பதிப்பு உள்ள கம்ப்யூட்டர்களை ப்ரோவுக்கு மாற்றிவிடுங்கள். கீழே சொல்லப்படும் லோக்கல் செக்யூரிட்டி பாலிசி ஹோம் பதிப்பில் கிடையாது. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்டன. இன்ஸ்ட்ருமென்ட் மென்பொருள் பழைய விண்டோஸில்தான் ஓடும் என்றால் ஓடட்டும். ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் கூடாது. உள் நெட்வொர்க்கில் சர்வரோடு மட்டும் பேசினால் போதும்.

லேபுக்கு வெளியே பூட்டிய அறையில் ஒரு சர்வர், அதற்கு யூபிஎஸ், பக்க எண் அச்சிட்டு, தாள்களைத் தைத்துக் கட்டிய பவுண்ட் ரெஜிஸ்டர் ஒன்று வேண்டும். இவற்றைவிடக் கிடைக்கக் கஷ்டமானவை இரண்டு ஆட்கள். அட்மின் பாஸ்வேர்டை வைத்துக்கொள்ள ஒருவர், பதிவுகளைச் சரிபார்க்க ஒருவர். இருவருமே சோதனை முடிவால் லாபமோ நஷ்டமோ அடையாதவர்களாக இருக்க வேண்டும். டெக்னிக்கல் மேனேஜரே அட்மினாகவும் இருந்தால் மீதிப் படிகள் எல்லாம் வெறும் அலங்காரம்தான்.

எந்த விதிக்காகச் செய்கிறீர்கள் என்பதையும் பட்டியலின் மேலே எழுதிவையுங்கள். என்ஏபிஎல் அங்கீகாரம் என்றால் ஐஎஸ்ஓ/ஐஇசி 17025:2017. அதில் பிரிவு 7.5 பதிவுத் திருத்தங்களைப் பற்றியும், 7.11 டேட்டா நிர்வாகத்தைப் பற்றியும் பேசுகிறது. அமெரிக்காவுக்கு மருந்து அனுப்பும் நிறுவனத்துக்குச் சோதனை செய்தால் 1997 முதல் நடைமுறையில் உள்ள 21 சிஎஃப்ஆர் பார்ட் 11 என்ற அமெரிக்க மின்னணுப் பதிவு விதியையும் பின்பற்ற வேண்டும். விவகாரம் நீதிமன்றம் போனால், 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் தர வேண்டியிருக்கும். அந்தப் படிவம் ஹேஷ் மதிப்பைக் கேட்கிறது. 8ஆம் படி அங்கே கைகொடுக்கும்.

2. எது மூலப் பதிவு என்று தீர்மானித்தல்

பிடிஎஃப் ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்திவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை. ஹெச்பிஎல்சியை (கரைசலில் உள்ள பொருட்களைப் பிரித்து அளக்கும் கருவி) எடுத்துக்கொண்டால் மூலப் பதிவு என்பது டிடெக்டர் சிக்னல் ஃபைல், இன்ஸ்ட்ருமென்ட் மெத்தட், ப்ராசஸிங் மெத்தட், சீக்வென்ஸ் (சாம்பிள்கள் ஓட வேண்டிய வரிசை), ஆடிட் ட்ரெயில் ஆகிய ஐந்தும் சேர்ந்தது. பிடிஎஃப் அவற்றிலிருந்து ஒரு நேரத்தில் எடுத்த படம் மட்டுமே. பேஸ்லைனை (வரைபடத்தின் அடிக்கோட்டை) இழுத்துவைத்து பீக்கின் (பொருளின் அளவைக் காட்டும் மேட்டின்) பரப்பைக் குறைத்திருந்தால் பிடிஎஃப்பில் தெரியாமல் போகலாம். ப்ராசஸிங் மெத்தடின் பழைய பதிப்பையும் ஆடிட் ட்ரெயிலையும் பார்த்தால் தெரியும்.

எனவே ஒவ்வொரு இன்ஸ்ட்ருமென்டுக்கும் எந்தெந்த ஃபைல்கள் சேர்ந்தால் அதே முடிவை மறுபடி வரவழைக்கலாம் என்று ஒரு வரியில் எழுதுங்கள். தராசின் தெர்மல் பேப்பர் அச்சு மங்கிப்போகும், சென்னை வெயிலிலும் புழுக்கத்திலும் இன்னும் சீக்கிரமாகவே. அதை உடனே நகலெடுத்து, நகலின் மீது கையெழுத்தும் தேதியும் போட்டு, இரண்டையும் சேர்த்து ஒட்டிவையுங்கள்.

3. கடிகாரம்

எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் ஒரே நேரம் வேண்டும். லேப் சர்வரை புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் என்டிபி சர்வரோடோ (சரியான நேரத்தை நெட்வொர்க்கில் தரும் சர்வர்), தேசிய தகவல் மையமான என்ஐசியின் என்டிபி சர்வரோடோ இணையுங்கள். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு சொல்வதும் இதைத்தான். மற்றக் கம்ப்யூட்டர்கள் லேப் சர்வரைப் பார்த்து நேரம் வைத்துக்கொள்ளட்டும். அதனால் இன்ஸ்ட்ருமென்ட் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் தர வேண்டிய தேவை இல்லை.

அடுத்து லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில் யூசர் ரைட்ஸ் அசைன்மென்ட் பகுதிக்குப் போங்கள். சிஸ்டம் நேரத்தை மாற்றும் உரிமை சாதாரண யூசருக்கு ஏற்கெனவே இருக்காது. ஆனால் டைம் ஸோனை மாற்றும் உரிமை இருக்கும்! அதைக் கவனிக்காமல் விடுபவர்கள் அதிகம். டைம் ஸோனை மாற்றினால் திரையில் தெரியும் நேரம் மணிக்கணக்கில் நகரும்; உள்ளூர் நேரத்தை அப்படியே எழுதிக்கொள்ளும் மென்பொருள் அந்தத் தப்பான நேரத்தைத்தான் பதியும். யூசர்ஸ் குழுவை அந்த உரிமையிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.

மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியை மறக்காதீர்கள். மின்வாரியப் பராமரிப்புக்காகக் காலை முதல் மதியம் வரை கரண்ட் நிறுத்தும் நாளில் கம்ப்யூட்டரை அணைப்போம். பேட்டரி தீர்ந்திருந்தால் மறுபடி ஆன் செய்யும்போது தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். தானாகச் சரியாகிவிடும் என்று நம்பவும் முடியாது. டொமைனில் (மைய நிர்வாகம் உள்ள அலுவலக நெட்வொர்க்கில்) சேராத கம்ப்யூட்டரில், வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் விண்டோஸ் நேரச் சேவை இயல்பாகத் திருத்த மறுத்துவிடும். ஐந்து வருடத்துக்கு மேல் பழைய கம்ப்யூட்டர்களில் பேட்டரியை இப்போதே மாற்றிவிடுவது மேல்.

நெட்வொர்க்கே இல்லாத கருவிகளுக்கு வாரம் ஒருமுறை நேரத்தை ஒப்பிட்டு, எவ்வளவு முன்னே பின்னே இருக்கிறது என்பதை ரெஜிஸ்டரில் எழுதிய பிறகுதான் திருத்த வேண்டும். எழுதாமல் திருத்தினால் போன வாரப் பதிவுகளின் உண்மை நேரத்தைக் கண்டுபிடிக்க வழியில்லாமல் போகும்.

4. லாகின்

ஒருவருக்கு ஒரு லாகின். "லேப்1", "ஹெச்பிஎல்சி", "ஷிஃப்ட் பி" போன்ற பொதுப் பெயர்கள் இருக்கும்வரை யார் செய்தது என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. மூன்று மாத ப்ராஜெக்டுக்கு வரும் எம்எஸ்சி மாணவருக்கும் தனி லாகின்தான். முடியும் தேதியை உருவாக்கும்போதே போட்டுவிடுங்கள்.

ராத்திரி முழுக்க ஓடும் சீக்வென்ஸில் ஒரு சிக்கல் உண்டு. ஆரம்பித்த அனலிஸ்ட் வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்தவர் விண்டோஸில் லாகின் மாற்றினால் சில மென்பொருள்கள் ரன்னையே நிறுத்திவிடும். அப்படிப்பட்ட இடத்தில் மட்டும் விண்டோஸ் லாகின் பொதுவாக இருக்கலாம், அதுவும் மிகக் குறைந்த உரிமையோடு. மென்பொருளுக்குள் லாகின் தனித்தனியாகவே இருக்க வேண்டும். பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் அது பூட்டிக்கொள்ள வேண்டும்.

பாஸ்வேர்ட் ஏன் கை மாறுகிறது என்று பாருங்கள். "சார் லீவு, அவர் பாஸ்வேர்டைப் போட்டு ரிலீஸ் பண்ணுங்க" என்பதுதான் வழக்கமான காரணம். ஒப்புதல் தர ஒரே ஒருவர் இருந்தால் அவர் பாஸ்வேர்ட் எல்லோருக்கும் தெரிந்தே இருக்கும். இரண்டாவது ஒப்புதலாளரை நியமியுங்கள். பாஸ்வேர்டை மாதாமாதம் மாற்றச் சொல்லும் சுற்றறிக்கையைவிட இது பலன் தரும்.

வேலையை விட்டுப் போனவரின் கணக்கை முடக்குங்கள், அழிக்காதீர்கள். அழித்துவிட்டால் பழைய விண்டோஸ் பதிவுகளில் அவர் பெயர் இருந்த இடத்தில் நீளமான ஓர் எண் மட்டும் நிற்கும். இரண்டு வருடம் கழித்து அது யார் என்று யாருக்கும் தெரியாது.

ஏஎம்சிக்கு வரும் சர்வீஸ் இன்ஜினியர், மென்பொருள் ஓட அட்மின் உரிமை வேண்டும் என்பார். பல மென்பொருள்களுக்கு நிறுவும்போது மட்டும்தான் அது தேவை. ஓடுவதற்குக் குறிப்பிட்ட சில ஃபோல்டர்களில் எழுதும் உரிமை போதும். மேனுவலில் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். அவருக்கென்று தனி அட்மின் கணக்கு ஒன்றை உருவாக்கி, வரும் நாளில் திறந்து, போனதும் மூடுங்கள்.

5. ஆடிட் ட்ரெயிலை ஆன் செய்தல்

நேரமும் ஆளும் சரியான பிறகே இந்தப் படி. சில மென்பொருள்களில் ஆடிட் ட்ரெயில் ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் தனியாக ஆன் செய்ய வேண்டியது. முதல் ப்ராஜெக்டில் ஆன் செய்துவிட்டு எல்லாவற்றுக்கும் ஆகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். புதிய ப்ராஜெக்ட் உருவாக்கும்போது தானாக ஆன் ஆகும்படி டீஃபால்ட் அமைப்பை மாற்றுங்கள். ப்ராஜெக்ட் உருவாக்கும் உரிமையை அட்மினிடம் மட்டும் விடுங்கள். அணைக்கும் உரிமையும் அவரிடம்தான் இருக்க வேண்டும். அணைத்தால் அதுவும் பதிவாக வேண்டும்.

மாற்றத்துக்கான காரணம் கேட்கும் பெட்டியில் "திருத்தம்", "பிழை" போன்ற தயார் சொற்களை வைக்காதீர்கள். எல்லோரும் முதலில் இருப்பதையே அழுத்துவார்கள். "பீக் 4, கரைப்பான் பீக்கோடு ஒட்டியிருந்தது, எஸ்ஓபி பிரிவு இன்னதன்படி கையால் பிரித்தது" என்கிற அளவுக்கு எழுத வேண்டும் (எஸ்ஓபி என்பது லேபின் எழுதிவைத்த வேலைமுறை).

விண்டோஸின் சொந்தப் பதிவும் தேவை. அதில் செக்யூரிட்டி லாக்கின் (பாதுகாப்புப் பதிவின்) அளவு இயல்பாக 20 எம்பி அளவில்தான் இருக்கும். நிரம்பினால் பழையதை அழித்து எழுதும். அதை 1 ஜிபிக்கு உயர்த்தி, சர்வருக்கும் அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். செர்ட்-இன் உத்தரவு லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. சோதனைப் பதிவோடு சேர்ந்த லாக்குகளை அந்தப் பதிவு இருக்கும்வரை வைத்திருப்பதுதான் சரி. கவனிக்க வேண்டிய எண்கள்: 4616 நேர மாற்றம், 4663 ஃபைல் அணுகல், 4660 அழித்தல், 1102 லாக்கையே துடைத்தல். நேரச் சேவை தானாகச் செய்யும் சின்னத் திருத்தமும் 4616 ஆக வரும். கணக்கின் பெயர் லோக்கல் சர்வீஸ் என்றிருந்தால் கவலை வேண்டாம், மனிதர் பெயர் இருந்தால் விசாரியுங்கள்.

ஃபைல் அணுகல் பதிவாக வேண்டுமென்றால் இரண்டு இடத்தில் ஆன் செய்ய வேண்டும். ஆடிட் பாலிசியில் ஒன்று; அந்த ஃபோல்டரின் ஆடிட்டிங் தாவலில் இன்னொன்று. ஒன்றை மட்டும் செய்தால் ஒரு வரிகூட விழாது. எந்த எச்சரிக்கையும் வராது.

6. இன்ஸ்ட்ருமென்ட் கம்ப்யூட்டரின் டேட்டா ஃபோல்டர்

பலவீனமான இடம் இதுதான். ஃபைல் அடிப்படையில் ஓடும் மென்பொருள், லாகின் செய்திருக்கும் விண்டோஸ் யூசரின் பெயரில்தான் எழுதும். எழுத உரிமை கொடுத்தாக வேண்டும். அதே உரிமையோடு அவர் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, மென்பொருளுக்கே தெரியாமல் ஃபைலை அழிக்கவோ, பெயர் மாற்றவோ, பழைய ஃபைலின் மேல் புதியதை ஒட்டவோ முடியும். மென்பொருளுக்குள் ஆடிட் ட்ரெயில் எவ்வளவு கறாராக இருந்தாலும் பின்வாசல் வழியாகப் போனால் அதற்குத் தெரியாது.

முதல் வேலை, "மாடிஃபை" உரிமையை எடுத்துவிடுவது. அதில் அழிக்கும் உரிமையும் அடக்கம். அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் ஃபைல் உருவாக்குதல், எழுதுதல், சேர்த்து எழுதுதல், படித்தல் ஆகியவற்றை மட்டும் கொடுங்கள். "டெலீட்", "டெலீட் சப்ஃபோல்டர்ஸ் அண்ட் ஃபைல்ஸ்" இரண்டையும் எடுங்கள். இரண்டாவதை மறந்தால் முதலாவதை எடுத்ததில் பயன் இல்லை. மேல் ஃபோல்டரில் அந்த உரிமை இருப்பவர், ஃபைலில் டெலீட் உரிமை இல்லாவிட்டாலும் அழித்துவிடலாம்.

இன்னொரு ஓட்டை இருக்கிறது. விண்டோஸ் ஃபைல்களைச் சேமிக்கும் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபைலை உருவாக்கியவரே அதன் உரிமையாளர். உரிமையாளர் தன் ஃபைலின் அனுமதிகளைத் தானே மாற்றிக்கொள்ளலாம். எடுத்த டெலீட் உரிமையை இரண்டு க்ளிக்கில் திரும்பக் கொடுத்துக்கொள்வார். இதை அடைக்க அனுமதிப் பட்டியலில் "ஓனர் ரைட்ஸ்" என்ற பெயரைச் சேர்த்து, அதற்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். "க்ரியேட்டர் ஓனர்" என்ற வரி இருந்தால் நீக்குங்கள்.

இதையெல்லாம் செய்ததும் சில மென்பொருள்கள் ரன் முடிவில் பிழை காட்டும். தற்காலிக ஃபைல் ஒன்றை உருவாக்கி, எழுதி, அழித்து, பெயர் மாற்றுவது அவற்றின் வழக்கம். அழிக்க முடியாமல் தடுமாறும். எனவே வாடிக்கையாளர் சாம்பிள் எதுவும் இல்லாத நாளில், ஸ்டாண்டர்டு மட்டும் வைத்து முழு சீக்வென்ஸ் ஓட்டிப் பாருங்கள். மென்பொருள் ஒத்துவரவில்லை என்றால் தற்காலிக ஃபோல்டரை வேறிடத்துக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் அழிக்கும் உரிமையைத் திரும்பக் கொடுத்துவிட்டு, அடுத்த படியில் வரும் இடைவெளியைக் குறைப்பதுதான் வழி. அந்த இன்ஸ்ட்ருமென்டின் பெயரைத் தனியாகக் குறித்துவையுங்கள். 11ஆம் படியில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

கடைசியாக, பயாஸுக்குப் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அமைப்புத் திரை) பாஸ்வேர்ட் போட்டு, யூஎஸ்பியிலிருந்து பூட் ஆவதை நிறுத்துங்கள். பென் டிரைவிலிருந்து லினக்ஸைப் பூட் செய்தால் மேலே செய்த எந்த அனுமதியும் செல்லாது. டிஸ்க் முழுவதையும் என்க்ரிப்ட் செய்யும் பிட்லாக்கர் போடுவதும் இதற்காகத்தான். என்க்ரிப்ஷனுக்கு உரிய இடம் இது. ரெக்கவரி கீயை அச்சிட்டு லேபுக்கு வெளியே வையுங்கள். மதர்போர்ட் மாற்றும் அன்று அதைக் கேட்கும்.

7. சர்வருக்கு இழுத்தல்

டேட்டா இன்ஸ்ட்ருமென்ட் கம்ப்யூட்டரில் தங்கும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை நகலெடுத்தால், யாராவது கைவைக்கக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான்.

இன்ஸ்ட்ருமென்ட் கம்ப்யூட்டர் சர்வருக்கு அனுப்பும்படி அமைக்காதீர்கள். சர்வர் வந்து எடுத்துப்போகும்படி அமையுங்கள். டேட்டா ஃபோல்டரைப் படிக்க மட்டும் ஷேர் செய்து, சர்வரில் உள்ள தனிக் கணக்கு அதை இழுக்கட்டும். அப்போது சர்வரின் பாஸ்வேர்ட் லேபில் எந்தக் கம்ப்யூட்டரிலும் இருக்காது. லேபில் ரான்சம்வேர் புகுந்தாலும் சர்வர் பிரதி வரை எட்டுவது கடினம்.

விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாபியைப் பயன்படுத்தினால் "மிர்" (/MIR) சுவிட்சைத் தொடவே கூடாது. மூலத்தில் அழிந்ததை அது பிரதியிலும் அழித்துவிடும். மோசடி செய்தவருக்கு நாமே உதவி செய்தது மாதிரி ஆகும். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் சிங்க்கும் இதே குணம் உள்ளவைதான். அதேபோல், மறுபடி ப்ராசஸ் செய்தால் அதே பெயரில் மேலெழுதும் மென்பொருள்கள் உண்டு. சர்வரில் அதே பெயர் வந்தால் பழையதை அப்படியே விட்டு, நேரத்தைப் பெயரில் சேர்த்துப் புதிய பதிப்பாக வைக்கும்படி ஸ்க்ரிப்ட் எழுதுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் ரன்னின் ஃபைலை நகலெடுத்தால் பாதிதான் வரும். கடைசியாக எழுதப்பட்டு 30 நிமிடம் ஆன ஃபைல்களை மட்டும் முழுமையானதாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். டேட்டாபேஸ் என்றால் ஃபைலை நேரடியாக நகலெடுக்காமல் அதன் சொந்த பேக்அப் வசதியைப் பயன்படுத்துங்கள்.

8. ஹேஷ் சங்கிலி

ஹேஷ் என்பது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் கைரேகை. ஒரே ஒரு பைட் மாறினாலும் மொத்தமும் மாறிவிடும். ஷா-256 பயன்படுத்துங்கள், அது 64 எழுத்து நீளம் வரும். எம்டி5, ஷா-1 வேண்டாம். ஒரே ஹேஷ் தரும் இரண்டு வெவ்வேறு ஃபைல்களை உருவாக்க முடியும் என்று ஷா-1க்கு 2017இல் நடைமுறையில் காட்டிவிட்டார்கள். எம்டி5 அதற்கும் முன்பே உடைந்தது. விண்டோஸில் இதற்குத் தனி மென்பொருள் வாங்க வேண்டாம். பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹேஷ் கட்டளை வேறெதுவும் சொல்லாவிட்டால் ஷா-256ஐத்தான் தரும்.

தினமும் இரவு சர்வர் ஒரு பட்டியல் உருவாக்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் ஃபைலின் முழுப் பாதை, பைட் அளவு, கடைசியாக மாறிய நேரம், ஷா-256. தேதியை 2026-01-31 என்ற வடிவில் எழுதுங்கள். 03/04 என்றால் மார்ச்சா ஏப்ரலா என்று சண்டை வரும். பட்டியலின் முதல் வரியில் நேற்றைய பட்டியலின் ஹேஷ் இருக்க வேண்டும். இதனால்தான் சங்கிலி. போன மாதத்து ஃபைல் ஒன்றை மாற்றி, அன்றைய பட்டியலையும் திருத்தினால், அதற்கு அடுத்த நாள் பட்டியலோடு ஒத்துப்போகாது. அதைத் திருத்தினால் அதற்கடுத்தது. இன்றுவரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும்.

லீவு நாளிலும் பட்டியல் வர வேண்டும், காலியாக இருந்தாலும் சரி. பொங்கலுக்கு மூன்று நாள் பட்டியல் இல்லையென்றால், லேப் மூடியிருந்ததா அல்லது யாரோ எடுத்துவிட்டார்களா என்று பிற்பாடு சொல்ல முடியாது.

சர்வர் அட்மின் மொத்தச் சங்கிலியையும் புதிதாக உருவாக்கிவிடலாமே என்று கேட்டால், ஆம், முடியும். அதனால் தினமும் அன்றைய பட்டியலின் ஹேஷை அவர் கைக்கு எட்டாத இடத்தில் பதிய வேண்டும். மிக எளிய வழி, 64 எழுத்தையும் அச்சிட்டு பவுண்ட் ரெஜிஸ்டரில் ஒட்டி, க்யூஏ (தர உறுதிப் பொறுப்பாளர்) குறுக்கே கையெழுத்துப் போடுவது. தாளும் பசையும் கேலிக்குரியதாகத் தோன்றலாம். ஆடிட்டர் முன் இதற்கு இருக்கும் மதிப்பு தனி. கூடவே வேறு ஊரில் உள்ள கிளைக்கோ நிறுவனத்தின் வெளி ஆடிட்டருக்கோ தானாக மின்னஞ்சல் போகும்படி செய்யுங்கள்.

டிஜிட்டல் கையெழுத்தும் போடலாம். உரிமம் பெற்ற நிறுவனத்திடம் க்ளாஸ் 3 சான்றிதழ் வாங்கினால் யூஎஸ்பி டோக்கனில் வரும். கையெழுத்தோடு நேர முத்திரையும் சேர வேண்டும். சான்றிதழ் காலாவதியான பிறகு, அது செல்லுபடியான நாளில்தான் கையெழுத்து விழுந்தது என்று காட்ட அது மட்டுமே உதவும். டோக்கனை எங்கே வைக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். பல அலுவலகங்களில் டைரக்டரின் டோக்கன் அக்கவுண்ட்ஸ் மேஜை டிராயரில், பின் நம்பர் எழுதிய ஸ்டிக்கரோடு கிடக்கும். அந்தக் கையெழுத்து டிராயரைத் திறக்கத் தெரிந்த எல்லோருடையதும்.

9. ஊருக்கு வெளியே ஒரு பிரதி

2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் சென்னையில் எத்தனை தரைத்தளங்களை மூழ்கடித்தன என்று யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. வேளச்சேரியில் சர்வர், பள்ளிக்கரணையில் பேக்அப் என்றால் ஒரே மழையில் இரண்டும் போகும். கோவையிலோ திருச்சியிலோ ஒரு பிரதி இருக்கட்டும். சர்வரை முதல் மாடிக்கு மேல் ஏற்றுங்கள்.

க்ளவுட் என்றால், குறித்த காலம் வரை அழிக்க விடாத ஆப்ஜெக்ட் லாக் உள்ள சேமிப்பைத் தேர்ந்தெடுங்கள். அமேசானில் இதற்கு இரண்டு முறைகள். கவர்னன்ஸ் முறையில் தனி உரிமை உள்ளவர் பூட்டைத் தாண்டலாம். கம்ப்ளையன்ஸ் முறையில் கணக்கின் ரூட் யூசரால்கூடக் காலம் முடியும்வரை அழிக்க முடியாது. நமக்கு வேண்டியது இரண்டாவது. ஆனால் முதலில் ஒரு நாள் பூட்டு வைத்துப் பழகுங்கள். தவறான ஃபோல்டருக்குப் பத்து வருடம் பூட்டிவிட்டால் பத்து வருடமும் வாடகை கட்ட வேண்டியதுதான். கணக்கையே மூடினால் மட்டும் இந்தப் பூட்டும் போய்விடும். ஆகவே பில் தவறாமல் கட்டப்படுகிறதா என்று பார்க்க ஒருவரை நியமியுங்கள்.

10. எக்செல்

ஷீட் ப்ரொடெக்ஷன் பாதுகாப்பு கிடையாது. அதைச் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். தவறிப்போய்ச் சூத்திரத்தை அழிக்காமல் இருக்க மட்டும் அது உதவும். சரிபார்த்த டெம்ப்ளேட்டைப் படிக்க மட்டும் முடிகிற ஃபோல்டரில் வைத்து, அதன் ஹேஷை டெம்ப்ளேட் பட்டியலில் எழுதுங்கள். கணக்கு முடிந்த ஃபைல் அன்றே சர்வருக்குப் போகட்டும். இன்ஸ்ட்ருமென்டிலிருந்து எண்ணைக் கையால் தட்டச்சு செய்யும் இடங்களில் இரண்டாவது ஆள் பார்த்துக் கையெழுத்திடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

11. ஆடிட் ட்ரெயிலைப் படித்தல்

பதிவாகிறது, யாரும் படிப்பதில்லை என்பதுதான் பல லேபுகளின் நிலை. ரிப்போர்ட் வெளியே போகும் முன், அந்த சாம்பிளின் ஆடிட் ட்ரெயிலைப் பார்க்க வேண்டும்; சிஸ்டம் லாக்குகளை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். எல்லா வரியையும் படிக்க முயன்றால் இரண்டாவது வாரமே நின்றுவிடும். தேட வேண்டியவை சில.

இன்ஜெக்ஷன் (சாம்பிளைக் கருவிக்குள் செலுத்துவது) எண்ணிக்கை. இன்ஸ்ட்ருமென்ட் லாக்கில் 14 இன்ஜெக்ஷன், ரிப்போர்ட்டில் 12 என்றால் மற்ற இரண்டும் எங்கே? "ட்ரையல்", "டெஸ்ட்", "கண்டிஷனிங்" என்ற பெயர்களில் உண்மையான சாம்பிளைப் போட்டுப் பார்த்துவிட்டு, முடிவு பிடித்தால் மறுபடி முறைப்படி ஓட்டுவது பழைய தந்திரம். ஓட்டிய நேரம், சாம்பிள் குப்பி இருந்த இடம், பீக் வடிவம் மூன்றையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

இவற்றையும் தேடுங்கள்: நடுவில் நிறுத்திய ரன்கள், வரம்பை ஒட்டி உள்ளே வந்த முடிவுகளில் மட்டும் கையால் செய்த இன்டக்ரேஷன் (பீக்கின் பரப்பைக் கணக்கிடுவது), தானாக ஏறும் எண்ணில் விடுபட்ட எண், வருகைப் பதிவேட்டில் இல்லாத நேரத்து லாகின், ஃபைலின் நேரத்துக்கும் தராசுச் சீட்டின் நேரத்துக்கும் பொருந்தாமை. 6ஆம் படியில் குறித்துவைத்த இன்ஸ்ட்ருமென்ட்களில் சர்வர் பட்டியலையும் லோக்கல் ஃபோல்டரையும் ஒப்பிடுங்கள்.

பார்த்ததற்கு அடையாளமாக வெறும் கையெழுத்து போதாது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை பார்த்தீர்கள், என்ன கண்டீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள்.

12. நீங்களே உடைத்துப் பாருங்கள்

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அனலிஸ்ட் லாகினில் உட்கார்ந்து இவற்றை முயலுங்கள்: டேட்டா ஃபைலை அழிப்பது, பெயர் மாற்றுவது, நேரத்தையும் டைம் ஸோனையும் மாற்றுவது, பென் டிரைவிலிருந்து பூட் செய்வது, ஆடிட் ட்ரெயிலை அணைப்பது, நீக்கப்பட்ட ஊழியரின் பழைய பாஸ்வேர்டில் நுழைவது. பிறகு பிரதி ஃபைல் ஒன்றில் ஹெக்ஸ் எடிட்டரால் ஒரு பைட்டை மட்டும் மாற்றி, இரவுச் சோதனை அதைப் பிடிக்கிறதா என்று பாருங்கள். வாடிக்கையாளர் டேட்டாவில் இதைச் செய்யாதீர்கள். இதற்கென்றே ஒரு போலி சாம்பிள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பழைய ரன்னை பேக்அப்பிலிருந்து எடுத்து, மென்பொருளில் திறந்து, அதே எண் வருகிறதா என்றும் பாருங்கள். ஃபைல் பத்திரமாக இருந்தும் அதைத் திறக்கும் மென்பொருளின் பழைய பதிப்பு யாரிடமும் இல்லாத நிலை அடிக்கடி வரும். நிறுவும் ஃபைலையும் லைசன்ஸையும் அதே ஆர்கைவில் வையுங்கள்.

13. ஹேஷ் பொருந்தாவிட்டால்

முதலில் அந்த ஃபைலைத் திறக்காதீர்கள். திறந்தாலே சில மென்பொருள்கள் உள்ளே எழுதிவிடும். இன்ஸ்ட்ருமென்ட் கம்ப்யூட்டரை நெட்வொர்க்கிலிருந்து கழற்றுங்கள், அணைக்க வேண்டாம். மாறிய ஃபைல், சர்வர் பிரதி, வெளியூர் பிரதி மூன்றின் ஹேஷையும் எடுத்து எழுதுங்கள். பிறகு விண்டோஸ் லாக், மென்பொருள் லாக், சம்பந்தப்பட்ட நாட்களின் பட்டியல்கள் ஆகியவற்றைப் படிக்க மட்டும் முடிகிற ஓர் இடத்துக்கு நகலெடுங்கள்.

உடனே யார் மீதும் பாயாதீர்கள். ஆன்டிவைரஸ் தொட்டது, டிஸ்க் பழுது, பாதியில் நகலெடுத்தது, மென்பொருளைப் புதுப்பித்தபோது ஃபைல் வடிவம் மாறியது என்று அப்பாவிக் காரணங்கள் உண்டு. பல ஃபைல்கள் ஒரே நேரத்தில் மாறியிருந்தால் பெரும்பாலும் இவற்றில் ஒன்று. ஒரே சாம்பிளின் ஒரே ஃபைல், அதுவும் ரிப்போர்ட் வெளியான தேதிக்கு முந்தைய மாலையில் மாறியிருந்தால் விசாரணை வேறு திசையில் போக வேண்டும்.

எந்தக் காரணமாக இருந்தாலும் பழைய பிரதியை மாறியதன் மேல் ஒட்டிச் சரிசெய்துவிடாதீர்கள். இரண்டையும் தனித்தனியாக வைத்து, எது எப்போது கண்டுபிடிக்கப்பட்டது, யார் பார்த்தார்கள் என்று எழுதி, அந்த ஃபைலை நம்பி வெளியே போன ரிப்போர்ட் எண்களைப் பட்டியலிட்டு, வாடிக்கையாளருக்குத் தெரிவிப்பது பற்றி அதே நாளில் க்யூஏ எழுத்தில் முடிவெடுக்க வேண்டும்.